தூண்டில் இல்லாத பாடம்

பிழைப்புத் தேடியும் உயிர் தப்பியும் வந்தவர்களுக்கு அமெரிக்கத் தேவாலயங்கள் இலவசமாக ஆங்கிலம் சொல்லித் தருகின்றன. இது சேவையா, ஆள் சேர்ப்பா என்ற கேள்வி நூறாண்டுகளுக்கும் மேலாகக் கூடவே வருகிறது.

அமெரிக்கச் சிற்றூர்களில் தேவாலய வாசலில் ஒரு பலகை நிற்கும். ஆராதனை நேரம், போதகரின் பெயர், வருகிற ஞாயிறுக்கான பிரசங்கத் தலைப்பு எல்லாம் அதில் இருக்கும். பல பலகைகளில் அதற்கும் கீழே இன்னொரு வரி: 'இலவச ஆங்கில வகுப்பு, செவ்வாய் மாலை 7 மணி, யாரும் வரலாம்.' அதையே ஸ்பானிஷிலும், ஊரைப் பொறுத்து அரபியிலோ நேபாளியிலோ எழுதியிருப்பார்கள்.

அந்த வரியைப் பார்த்து உள்ளே வருகிறவர்கள் பலதரப்பட்டவர்கள். இறைச்சி ஆலையில் பகல் ஷிஃப்ட் முடித்துவிட்டு, வலிக்கிற கையோடு பென்சில் பிடிக்கும் குவாத்தமாலாக்காரர். கணவரின் வேலை விசாவை ஒட்டி வந்து, பேச ஆளில்லாமல் வீட்டுக்குள்ளேயே குளிர்காலத்தைக் கழித்த பெண். நேபாளத்து அகதி முகாம்களில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் காத்திருந்து, 2008-க்குப் பிறகு அமெரிக்காவில் குடியமர்த்தப்பட்ட பூட்டான் முதியவர்கள். மகளின் பிரசவத்துக்கு வந்து ஆறு மாதம் தங்கும் நம் ஊர் அம்மாக்களும் உண்டு. சொல்லிக்கொடுப்பவர்கள் ஓய்வுபெற்ற நர்ஸ், வங்கி ஊழியர், கல்லூரி மாணவி. சம்பளம் கிடையாது. சபைகள் இதை ஊழியம் என்கின்றன. அந்நியரை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் லேவியராகமம் 19-ஆம் அதிகாரமும் மத்தேயு 25-ஆம் அதிகாரமும் இந்த வகுப்புகளைப் பற்றிய பிரசங்கங்களில் தவறாமல் வரும்.

இந்த ஊழியத்தின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. மரியாதை இருப்பதால்தான் ஒரு விஷயத்தில் கறாராக இருக்க விரும்புகிறேன். பாடம் பாடமாக முழுமையாகக் கொடுக்கப்பட வேண்டும். அதன் நுனியில் தூண்டில் முள் இருக்கக் கூடாது.

ஒரு மாலை, ஒரு கூடம்

வகுப்பு பெரும்பாலும் தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் நடக்கும். மடக்கு மேசைகள், ஒரு பெரிய காபி பாத்திரம், சுவரோரம் வெள்ளைப் பலகை. பக்கத்து அறையில் சபையின் இளைஞர்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் தாய்மார்களில் பலரால் வரவே முடியாது. பஸ் ஓடாத ஊர்களில் தொண்டர்களே கார் எடுத்துப் போய் ஆட்களை அழைத்து வருவார்கள். பாடத்திட்டம் போடுவதைவிட இந்த இரண்டையும் ஏற்பாடு செய்வதுதான் கஷ்டம் என்று இதை நடத்துகிறவர்கள் சொல்வார்கள்.

முதல் அரைமணி நேரம் எண்களோடு போகும். பிஃப்டீன், பிஃப்டி. காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே விழும். சம்பளத்திலோ பேருந்து எண்ணிலோ இந்த வித்தியாசம் தெரியாமல் ஏமாந்தவர்கள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். அடுத்து சூப்பர் மார்க்கெட்டின் விளம்பரத் தாளை விரித்துவைத்து விலை கேட்பது, விலை சொல்வது. மருத்துவரிடம் எங்கே வலிக்கிறது என்று சொல்வது. பள்ளியிலிருந்து வந்த கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் கண்டுபிடிப்பது. அவசர உதவிக்கு 911-ஐ அழைத்தால் முதலில் முகவரியைச் சொல்ல வேண்டும் என்பது. நாளை காலையே தேவைப்படும் பாடங்கள் இவை.

இந்த வகுப்புகளில் கையாளப்படும் ஒரு முறையை விரிவாகச் சொல்ல வேண்டும். மாணவர் தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றைத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்வார். "மை சன் ஸ்கூல். டீச்சர் கால் மீ. ஐ நோ அண்டர்ஸ்டேண்ட்." ஆசிரியர் ஒரு எழுத்தையும் திருத்தாமல், சொன்னதைச் சொன்னபடியே பெரிய எழுத்தில் தாளில் எழுதுவார். பிறகு அதைத் திருப்பி மாணவரிடம் நீட்டி, விரலால் தொட்டுத் தொட்டு வாசிக்கச் சொல்வார். தன் வாயிலிருந்து வந்த சொற்கள் என்பதால் அவரால் வாசித்துவிட முடியும். நாற்பது வயதில் ஒருவர் முதன்முதலாக வாசிக்கும் ஆங்கிலம், தன் மகனைப் பற்றித் தானே சொன்னதாக இருக்கும். இலக்கணம் அதன் பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, அதே தாளிலிருந்து வளரும். குழந்தைகளின் அரிச்சுவடியைக் கொடுத்துப் பெரியவர்களைக் கூச வைப்பதற்கு இது எத்தனையோ மேல்.

பழைய வழக்கம், பழைய சந்தேகம்

தேவாலயங்கள் இந்த வேலையில் இறங்கியது நேற்று இன்றல்ல. ஞாயிறு பள்ளி என்றால் இன்று நமக்கு வேதாகமக் கதைகளும் பாட்டுகளும்தான் நினைவுக்கு வரும். 1780-இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் அதைத் தொடங்கியபோது, வாரம் முழுக்க வேலை செய்த ஏழைப் பிள்ளைகள் எழுத்துக் கற்றுக்கொள்ளும் இடமாக அது இருந்தது. 1798-இல் நாட்டிங்காமில் ஒரு மெத்தடிஸ்டும் ஒரு குவேக்கரும் சேர்ந்து, ஆலைகளில் வேலை செய்த பெண்களுக்காகப் பெரியவர்களின் பள்ளியைத் தொடங்கினார்கள்.

அமெரிக்காவில் வெளிநாட்டவர்களுக்கான ஆங்கில வகுப்பின் கதை சீனர்களோடு நெருங்கிய தொடர்புடையது. கலிபோர்னியாவில் தங்கம் தேடி வந்த சீனர்களிடம் 1852-இல் வில்லியம் ஸ்பியர் என்ற பிரஸ்பிட்டேரியன் மிஷனரி வந்தார். சீனாவில் பணிபுரிந்து கான்டனீஸ் பேசக் கற்றவர். அவரைத் தொடர்ந்து மற்ற சபைகளும் சான் பிரான்சிஸ்கோவில் மாலை வகுப்புகளைத் திறந்தன. சலவைக் கடைகளிலும் சமையற்கட்டுகளிலும் உழைத்த சீன இளைஞர்கள் இரவில் வந்து படித்தார்கள். 1882-இல் சீனத் தொழிலாளர்களின் வருகையையே தடைசெய்து சட்டம் போட்ட நாடு அது. தெருவில் கல்லெறி விழுந்த காலத்தில் அவர்களை உட்காரவைத்துப் பாடம் சொன்ன இடங்களில் தேவாலயம் முக்கியமானது. அது சாதாரணக் காரியமில்லை.

ஆனால் அந்த வகுப்புகளிலேயே இன்றைய சிக்கலும் இருந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் வந்தது ஆங்கிலத்துக்காக. நடத்தியவர்கள் நடத்தியது ஞானஸ்நானத்தை எதிர்பார்த்து. இரண்டு தரப்புக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டே ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டார்கள். இந்த மௌன ஒப்பந்தம்தான் இன்றுவரை பல கூடங்களில் தொடர்கிறது.

ஏரிக்கரையில் ஒரு மிஷனரி

இந்த ஒப்பந்தத்தைத் தன் வாழ்க்கையில் வேறுவிதமாக எழுதிக்கொண்டவர் பிராங்க் லாபாக். 1884-இல் பென்சில்வேனியா மாநிலத்தின் பெண்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1915-இல் மிஷனரியாகப் பிலிப்பைன்ஸ் சென்றார். 1930 வாக்கில் அவர் இருந்தது மிண்டானாவோ தீவில் லனாவோ ஏரிக்கரையில், இன்று மராவி என்று அழைக்கப்படும் டன்சலான் ஊரில். அங்கிருந்த மரனாவோ மக்கள் முஸ்லிம்கள். முதலில் ஸ்பானியர்களோடும் பிறகு அமெரிக்கர்களோடும் மோதியவர்கள். ஓர் அமெரிக்கப் பாதிரியை அவர்கள் நம்ப எந்தக் காரணமும் இல்லை.

மாலைதோறும் ஊருக்குப் பின்னால் இருந்த குன்றில் ஏறித் தனியே உட்கார்ந்து ஜெபித்த நாட்களில்தான், இந்த மக்களைத் தான் தாழ்வாகப் பார்க்கிறோம் என்பது அவருக்கு உறைத்ததாம். அவரே இதை எழுதியிருக்கிறார். மறுநாள் அவர் செய்த காரியம்தான் முக்கியமானது. அங்கிருந்த முஸ்லிம் மத ஆசிரியர்களிடம் போய், குர்ஆனைக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன் என்றார். சொல்லிக்கொடுக்க வந்தவர் முதலில் மாணவராக உட்கார்ந்தார். கதவு திறந்தது.

பிறகு உள்ளூர் ஆசிரியர் ஒருவரோடு சேர்ந்து, மரனாவோ மொழியை எளிதாக வாசிக்கக் கற்கும் அட்டைகளை உருவாக்கினார். அவர் அந்த மக்களுக்கு எழுத்தறிவித்தது அவர்களுடைய தாய்மொழியில். உலகப் பொருளாதார மந்தத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த பணம் சுருங்கியது. ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை, மூடிவிடலாம் என்று லாபாக் நினைத்தபோது, உள்ளூர்த் தலைவர் ஒருவர் குறுக்கே வந்தார். வாசிக்கத் தெரிந்த ஒவ்வொருவனும் இன்னொருவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், மறுத்தால் உயிர் மிஞ்சாது என்று உத்தரவே போட்டார். மிரட்டலை விட்டுவிட்டு மிச்சத்தை லாபாக் எடுத்துக்கொண்டார். ஒவ்வொருவரும் ஒருவருக்குக் கற்பிப்போம் என்ற முழக்கம் உலகெங்கும் பரவியது இப்படித்தான். அதன் பின்னால் ஒரு முஸ்லிம் தலைவரின் பிடிவாதம் இருந்தது என்பது கிறிஸ்தவ சபைகளிலேயே பலருக்குத் தெரியாது.

நூறு நாடுகளுக்கு மேல் சுற்றி, முந்நூறு மொழிகளுக்கு மேல் பாட அட்டைகள் தயாரித்தார் லாபாக். இந்தியாவுக்கும் பலமுறை வந்தார். அவர் அமைப்பின் ஆங்கிலப் பாடப் புத்தகத்தை இன்றும் பல தேவாலய வகுப்புகளில் பார்க்கலாம். முதல் அட்டையில் ஒரு பறவை இருக்கும். அதன் நீண்ட வால் நிமிர்ந்து, வயிறு உருண்டு, 'பி' என்ற எழுத்தாகவே மாறியிருக்கும். அடுத்து கோப்பை, அதன் கைப்பிடியோடு 'சி'. எழுத்தே தெரியாத ஒருவர் முதல் நாளிலேயே சில எழுத்துகளோடு வீடு திரும்பும்படி செய்த ஏற்பாடு அது.

சிரக்யூஸ் நகரத்துப் பெண்கள்

லாபாக்கின் அமைப்பு தலைமையகம் வைத்திருந்தது நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில். அதே நகரில், வேறொரு வாசலிலிருந்து, ரூத் கோல்வின் வந்தார். 1961-இல் உள்ளூர் நாளிதழைப் பிரித்தவருக்கு அதிர்ச்சி. அவருடைய ஊரிலேயே சரியாக எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் 11,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள் என்றது செய்தி. அவர் முதலில் போய் நின்றது தேவாலயப் பெண்களின் கூட்டமைப்பிடம். அங்கிருந்து தொண்டர்கள் கிடைத்தார்கள். 1962-இல் வீட்டிலேயே வேலை தொடங்கியது.

கோல்வினுக்குச் சீக்கிரமே ஒன்று புரிந்தது. ஆர்வமுள்ள பெண்களை மட்டும் அனுப்பினால் காரியம் ஆகாது. பல்கலைக்கழகத்து வாசிப்புக் கல்வி நிபுணர்களைத் தேடிப் போனார். தொண்டர்களுக்கான பயிற்சிக் கையேட்டை எழுதினார். பிறமொழிக்காரர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்கென்று தனியே இன்னொரு கையேடு. மாணவரின் மொழி ஆசிரியருக்குத் தெரியாவிட்டாலும் எப்படிப் பாடம் நடத்தலாம் என்பதை அது படிப்படியாகச் சொன்னது.

லாபாக் அமைப்பும் கோல்வின் அமைப்பும் ஒரே ஊரில் பல்லாண்டுகள் தனித்தனியே நடந்து, 2002-இல் ஒன்றாயின. இன்று அதன் பெயர் புரோலிட்டரசி. மத அடையாளம் இல்லாத அமைப்பு. தேவாலயங்களும் நூலகங்களும் சிறைகளும் அதன் பாடங்களைப் பயன்படுத்துகின்றன. 2006-இல் கோல்வினுக்கு அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் கிடைத்தது. தொண்ணூறைக் கடந்த பிறகும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த அவர், 2024 ஆகஸ்டில் 107-ஆவது வயதில் மறைந்தார்.

அதே சிரக்யூஸின் வடபகுதியில் நடந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மானியக் குடியேறிகளின் ஹோலி டிரினிட்டி கத்தோலிக்க ஆலயம் 2010-இல் மூடப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து அதை வாங்கியது அகதிகளுக்கு ஆங்கிலம் கற்பித்துவந்த ஓர் அமைப்பு. ஆலயம் மசூதியானது. சிலுவைகள் இறக்கப்பட்டபோது பழைய பங்கு மக்களில் பலர் மனம் வருந்தினார்கள். அது நியாயமான வருத்தம்தான். மசூதிக்கு வைத்த பெயர், ஈசா இப்னு மரியம். மரியாளின் மகன் இயேசு.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குரல்

ஆங்கில வகுப்பு மதப் பரப்பலுக்கான வாகனமாகலாமா என்ற விவாதம் ஆங்கிலம் கற்பிப்போரின் கல்வியுலகில் 2000-க்குப் பிறகு சூடு பிடித்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த அலஸ்டர் பென்னிகுக் போன்ற அறிஞர்கள் கடுமையாக எழுதினார்கள். நோக்கத்தை மறைத்துக்கொண்டு வகுப்பறைக்குள் நுழைவது நேர்மையில்லை. ஆங்கிலத்தின் அதிகாரத்தோடு மதத்தின் அதிகாரமும் சேரும்போது மாணவர் இரட்டைச் சுமைக்கு ஆளாகிறார் என்பது அவர்களின் வாதம்.

இதில் ஒரு தமிழரின் பங்கு பெரிது. சுரேஷ் கனகராஜா யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் போர்க்காலத்தில், 1994 வரை ஆங்கிலம் கற்பித்தவர். இப்போது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். ஆங்கிலத்தின் ஆதிக்கத்தை வகுப்பறையில் மாணவர்கள் எப்படி எதிர்க்கிறார்கள், எப்படித் தமதாக்குகிறார்கள் என்று 1999-இல் அவர் எழுதிய நூல் இத்துறையில் முக்கியமானது. அவர் கிறிஸ்தவரும்கூட. இரண்டு பக்கத்து நியாயமும் தெரிந்தவர். 2009-இல் மேரி ஷெப்பர்ட் வாங் என்பவரோடு சேர்ந்து, கிறிஸ்தவ ஆசிரியர்களையும் அவர்களை விமர்சிப்பவர்களையும் ஒரே நூலுக்குள் உட்காரவைத்துப் பேச வைத்தார். முடிவு சொல்வதற்காகத் தொகுத்த நூல் இல்லை அது. ஆனால் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்க வேண்டிய கட்டாயத்தை உண்டாக்கியது.

விசுவாசமுள்ள ஆசிரியரின் பக்கத்தையும் நான் மதிக்கிறேன். தனக்குக் கிடைத்ததிலேயே பெரிய நன்மை என்று அவர் நம்புவதை மறைத்துவைத்தால், அதுவும் ஒருவகைப் பொய்தானே என்று அவர் கேட்பார். கேள்வி சரி. ஆனால் அந்தக் கூடத்தில் இரண்டு பேரும் சமமாக உட்காரவில்லை. இலவசமாகப் பெறுகிறவரால் மறுத்துப் பேச முடியாது. வகுப்பு முடிந்து "ஞாயிறு ஆராதனைக்கும் வாருங்களேன்" என்று அன்போடு ஆசிரியை அழைத்தால், வர விருப்பமில்லாத ஆப்கானியப் பெண் என்ன செய்வார்? மறுத்தால் வகுப்பில் இடம் போய்விடுமோ என்று பயப்படுவார். அடுத்த வாரம் வராமலே நின்றுவிடுவார். அவர் ஏன் நின்றார் என்பது யாருக்கும் தெரியாது.

அரசாங்கப் பணம் வாங்கும் தொண்டு நிறுவனங்களுக்கு அமெரிக்காவில் விதி இருக்கிறது. அந்தப் பணத்தில் வழிபாடோ வேதபோதனையோ நடத்தக் கூடாது. நடத்தினால் வேறு நேரத்திலோ வேறு இடத்திலோ, விருப்பப்பட்டவர்களுக்கு மட்டுமே. சொந்தப் பணத்தில் நடக்கும் தேவாலய வகுப்புகளை இது கட்டுப்படுத்தாது. ஆனாலும் பல சபைகள் இதையே தங்கள் ஒழுங்காக வைத்திருக்கின்றன. வாசல் பலகையில் சபையின் பெயர் தெளிவாக இருக்கும். வேதாகம வகுப்பு உண்டென்றால் அது வேறு நாளில், அந்தப் பெயரிலேயே நடக்கும். ஆங்கில வகுப்பில் ஆங்கிலம் மட்டும். யாராவது தானாகவே விசுவாசத்தைப் பற்றிக் கேட்டால் நேராகப் பதில் சொல்வார்கள். என் பார்வையில் இவர்கள்தான் சாட்சியாகவும் நிற்கிறார்கள், ஆசிரியராகவும் நிற்கிறார்கள்.

நல்ல மனசு மட்டும் போதாது

மதப் பிரச்சினையை எல்லோரும் பேசுகிறார்கள். பயிற்சியில்லாத அன்பினால் வரும் சேதத்தை யாரும் பேசுவதில்லை. ஆங்கிலம் தாய்மொழி என்பதாலேயே அதைக் கற்பிக்கத் தெரிந்துவிடாது. புதிய தொண்டர் செய்யும் முதல் தவறு, புரியவில்லை என்றால் உரக்கப் பேசுவது. இரண்டாவது, முழு நேரமும் தானே பேசுவது. மாணவர் வாய் திறக்காமலே இரண்டு மணி நேரம் போய்விடும். மூன்றாவது, ஷிஃப்ட் மாறினால் மாணவர் வரமாட்டார் என்பதை மறந்து, போன வாரத்தின் தொடர்ச்சியாகவே பாடம் போடுவது. அனுபவசாலிகள் ஒவ்வொரு மாலையையும் தன்னளவில் முழுமையான பாடமாக அமைப்பார்கள். எந்த மொழியிலுமே எழுதப் படிக்காதவர்களையும், தன் நாட்டில் பொறியாளராக இருந்தவரையும் ஒரே மேசையில் உட்காரவைப்பது இருவருக்கும் அநியாயம்.

இப்போது ஏன்

2025 இந்த வகுப்புகளைப் புரட்டிப் போட்ட ஆண்டு. ஜனவரி 20-ஆம் தேதி அகதிகள் வருகையை நிறுத்திவைக்கும் ஆணை வந்தது. தேவாலயம், பள்ளி போன்ற இடங்களில் குடியேற்றத் துறை கைது செய்வதைத் தவிர்த்துவந்த பழைய நடைமுறையும் அதே வாரத்தில் ரத்தானது. பயந்தவர்கள் வீட்டை விட்டு வெளியே வரத் தயங்கினார்கள். மார்ச் 1-ஆம் தேதி ஆங்கிலமே நாட்டின் ஆட்சிமொழி என்று அதிபர் ஆணை பிறப்பித்தார். ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு அரசுச் சேவைகள் கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்ற 2000-ஆம் ஆண்டின் ஆணையையும் அதிலேயே நீக்கினார். ஏப்ரலில் கத்தோலிக்க ஆயர் பேரவை, அகதிகளைக் குடியமர்த்த அரசோடு செய்திருந்த ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கப் போவதில்லை என்றது. ஜூலையில் பெரியவர்கள் கல்விக்கான மத்திய நிதி சில வாரங்கள் நிறுத்திவைக்கப்பட்டு, எதிர்ப்புக்குப் பிறகு விடுவிக்கப்பட்டது. அக்டோபரில் குடியுரிமைத் தேர்வும் கடினமானது. 100 கேள்விகளிலிருந்து 10 கேட்டு 6 சரியாகச் சொன்னால் போதும் என்றிருந்தது போய், 128-இலிருந்து 20 கேட்டு 12 சரியாகச் சொல்ல வேண்டும் என்றானது.

ஆங்கிலம் கட்டாயம் என்று சொல்லும் அரசு, கற்றுக்கொள்ளும் வாசல்களைக் குறுக்குகிறது. இது சரியில்லை. பொதுப் பணத்தில் நடக்க வேண்டிய வேலையைத் தேவாலயத் தொண்டர்கள் முழுமையாகத் தாங்கிவிட முடியாது. தாங்கச் சொல்வதும் நியாயமில்லை. ஆனாலும் கூடத்து விளக்கைப் போட்டுவைத்துக் காத்திருக்கிறவர்கள் இன்று அவர்கள்தான்.

அமெரிக்காவிலோ கனடாவிலோ இங்கிலாந்திலோ இருந்து இதைப் படிக்கும் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆங்கிலத்தை நாம் எல்லோரும் இரண்டாவது மொழியாகக் கற்றவர்கள். எங்கே நாக்கு திக்கும், எந்த இடத்தில் வெட்கம் வந்து வாயை அடைக்கும் என்று தெரிந்தவர்கள். தொண்டர்களாக நம்மைவிடப் பொருத்தமானவர்கள் குறைவு. கிறிஸ்தவராக இல்லாவிட்டாலும் பல சபைகள் ஏற்றுக்கொள்ளும். அங்கே வகுப்பு எப்படி நடக்கிறது என்று முதலிலேயே வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். மனசுக்கு ஒப்பவில்லை என்றால் ஊர் நூலகத்தில் கேளுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவை, அவர்கள் விரும்பினால், மாணவர்களாகச் சேர்த்துவிடுங்கள். பெரும்பாலான வகுப்புகள் செப்டம்பரில் தொடங்கும். தொண்டர்களுக்கான பயிற்சி அதற்கு முன்னால் நடக்கும் என்பதால், பெயர் கொடுக்க ஆகஸ்டுதான் சரியான மாதம்.